சேலத்தில் முதன்முறையாக வீட்டுத் தோட்டம்: மண்ணில் தொடங்குவதா, பையில் தொடங்குவதா?

மாமாங்கம் புதுமனை:

அனைவருக்கும் வணக்கம். மாமாங்கம் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள இடத்தைத் தோட்டத்துக்காகவே விட்டு வைத்திருக்கிறோம். மொட்டை மாடியும் காலியாகத்தான் இருக்கிறது. மேற்கே பக்கத்து வீட்டின் மாடி மறைப்பதால் பின்புறத்தில் மதியம் இரண்டரை மணிக்குப் பிறகு வெயில் விழுவதில்லை. மாநகராட்சிக் குடிநீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உண்டு, ஆனால் அது பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு.

மண் சிவப்புதான் என்றாலும் கொத்தும்போது சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கற்கள் நிறைய வருகின்றன. முன்னோட்டமாக ஒரு செம்பருத்தியும் ஒரு கறிவேப்பிலையும் வைத்தோம். இரண்டிலும் புதிதாக வரும் கொழுந்து வெளிறிய மஞ்சளாக இருக்கிறது, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன, அடியிலிருக்கும் பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. இணையத்தில் பார்த்த காணொளிகளில் எல்லாம் எப்சம் உப்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆடி பிறக்கப்போகிறது, அத்தை விதை வாங்கி வரச் சொல்லி அவசரப்படுத்துகிறார். மண்ணைச் சீர்செய்து தரையில் போடுவதா, பைகள் வாங்கி மாடியில் வைப்பதா? எப்சம் உப்பு போடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அம்மாபேட்டை மாடித்தோட்டம்:

வாழ்த்துகள் சகோதரி. முதல் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு பைகளுக்கு மேல் வைக்காதீர்கள். விதைக்கும்போது எல்லாமே எளிதாகத் தோன்றும். ஆவணியில் களை, பூச்சி, பந்தல், அறுவடை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போதுதான் நமக்கு எத்தனை பை தாங்கும் என்பது தெரியும்.

எதை வைப்பது என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காய் காய்க்கும் செடிகளுக்கு நேர்வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரமே போதும். ஆகவே உங்கள் பின்புறத்தில் மேற்குச் சுவரை ஒட்டிய பகுதி கீரைக்கும் புதினாவுக்கும் உரியது. கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் மாடிக்குப் போகட்டும்.

பைக்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, மறுபடி நல்ல நீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். எப்சம் உப்பைப் பொறுத்தவரை, நான் மாதம் ஒரு முறை ரோஜாவுக்குக் கொடுக்கிறேன், இலை நல்ல கரும்பச்சையாக இருக்கிறது. நீங்களும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்:

அம்மாபேட்டைச் சகோதரியின் மற்ற ஆலோசனைகள் அனைத்தையும் வழிமொழிகிறேன். எப்சம் உப்பு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அம்மாபேட்டைக்குப் பொருந்துவது மாமாங்கத்துக்குப் பொருந்தாது.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். சேலத்தின் வடமேற்கே மாமாங்கம், கருப்பூர், செட்டிச்சாவடி வட்டாரத்தில் இருப்பது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் என்னும் மெக்னீசியம் கார்பனேட். நாட்டிலேயே பேர்பெற்ற மேக்னசைட் சுரங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ரயில் சந்திப்புக்கே மேக்னசைட் என்றுதான் பெயர். நீங்கள் கொத்தும்போது வரும் வெள்ளைக் கற்கள் அதுவாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. மெக்னீசியம் நிறைந்த பாறையிலிருந்து உண்டான மண்ணுக்கு மேலும் மெக்னீசியத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுவதில் எந்தப் பயனும் இல்லை, தீங்கும் உண்டு. அது மிகுதியாகும்போது செடி சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) உறிஞ்சுவது தடைப்படும். ஈரத்தில் பிசுபிசுத்துக் காய்ந்தால் கெட்டிப்படும் இயல்பும் அந்த மண்ணுக்குக் கூடிவிடும்.

நீங்கள் எழுதிய அறிகுறியையும் கவனியுங்கள். மெக்னீசியம் குறைந்தால் மஞ்சள் முதலில் அடியிலிருக்கும் முதிர்ந்த இலையில் தோன்றும், ஏனென்றால் செடி அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து பெயர்த்துக் கொழுந்துக்கு அனுப்ப வல்லது. இரும்பை அவ்வாறு பெயர்க்க இயலாது. ஆகவே இரும்புச் சத்துக் குறைபாடு கொழுந்தில்தான் முதலில் தெரியும். உங்கள் செம்பருத்தியிலும் கறிவேப்பிலையிலும் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அது இரும்புக் குறைபாட்டுக்கே உரிய தோற்றம். செம்மண்ணில் இரும்பு இல்லாமலா போய்விடும் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் மண்ணின் கார அமில நிலை (பிஎச், 7 என்பது நடுநிலை) எட்டைத் தாண்டினால் அந்த இரும்பு பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம் போன்றது. செடியின் கைக்கு வராது.

இது தோற்றத்தை வைத்துச் சொல்லும் ஊகம்தான், பரிசோதனைதான் முடிவு. சந்தியூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தோட்டத்தின் ஐந்தாறு இடங்களில், மேலிருக்கும் சருகை விலக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழியின் ஓரச் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளை விலக்கிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுக்கவும். சமீபத்தில் உரம் போட்ட இடத்திலோ, கட்டுமானச் சிமெண்டுக் கழிவு கிடந்த இடத்திலோ எடுக்காதீர்கள். புது வீட்டுக்காரர்கள் பலருக்கும் மண் காரமாக வருவதற்குச் சுவரோரம் கொட்டிய அந்தக் கழிவும் ஒரு காரணம்.

இன்னொன்று. மண்ணில் வினிகர் ஊற்றி நுரை வந்தால் சுண்ணாம்பு என்று கண்டுபிடிக்கும் முறையை உங்கள் மண்ணில் நம்ப வேண்டாம். சுண்ணாம்புக் கல் உடனே நுரைக்கும், மேக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தில் அவ்வளவாக நுரைப்பதில்லை. நுரை வரவில்லை என்பதால் மண் நல்ல மண் என்று ஆகிவிடாது.

அம்மாபேட்டை மாடித்தோட்டம்:

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. என் ரோஜாக்கள் நார்க்கழிவு மிகுந்த கலவையில் இருக்கின்றன, ஊரின் கிழக்குப் பக்கத்தில் மண்ணும் வேறு. காரணம் அதுதான் என்று புரிகிறது. இருந்தாலும் இந்த மண்ணைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் ஆகுமென்றால், அவர் தரையை விட்டுவிட்டு முழுவதும் மாடியிலேயே போடுவதுதானே நல்லது?

கொண்டலாம்பட்டி பொறியாளர்:

மாடி என்று முடிவெடுக்கும் முன் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்காகக் குறுக்கிடுகிறேன். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி வடிவமைப்பில் கொள்ளும் நடமாட்டச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. மாடியில் செங்கல் வரம்பு கட்டி ஓரடி உயரத்துக்கு மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு சதுர மீட்டரிலேயே 450 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே மாடியில் மண்பாத்தி கட்டவே கூடாது. 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை ஒன்று மண் மிகுந்த கலவையில் நனைந்திருக்கும்போது 25 கிலோவைத் தொடும், நார்க்கழிவு மிகுந்தால் கணிசமாகக் குறையும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் ஓடும் வரிசையில், இடைவெளி விட்டு, தரையில் படாதபடி செங்கல் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல் வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில்தான் கசிவு தொடங்குகிறது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்யாத தளத்தில் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு தோட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே உள்ளவர்கள் அடிக்கடி எங்களிடம் கேட்கும் விஷயம் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில் இருக்கிறது. எந்த நாளிலும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். மண்ணும் நேர் எதிர். எங்கள் மலை மண் புளிப்புத்தன்மை உள்ளது. நாங்கள் சுண்ணாம்பு போட்டு அதைத் தணிக்கிறோம், நீங்களோ காரத்தைத் தணிக்க வழி தேடுகிறீர்கள். மேலே பார்த்த பராமரிப்பை அப்படியே கீழே செய்தால் செடி வீணாகும்.

ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடியை இங்கே நாற்றுப்பண்ணைகளில் நீலமாகப் பார்த்து மயங்கி வாங்கிச் செல்கிறார்கள். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைப்பதால்தான் அந்த நீலம். கார மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும், சேலத்துச் சித்திரை வெயிலில் பூக்கும் முன்பே வாடிவிடும். கேரட், பட்டாணி, பீன்ஸ் ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே முயலாதீர்கள். பீன்ஸ் உப்பு நீரைத் துளியும் பொறுக்காது. மலைக்கு வந்து போகும்போது காட்டு மண்ணை மூட்டையில் அள்ளிச் செல்லும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மழை அரித்துக்கொண்டு போவதே எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

தாரமங்கலம் மரவள்ளி:

விதையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நாட்டு விதை வாங்குங்கள். வீரிய ஒட்டு ரகம் (ஹைபிரிட்) முதல் ஆண்டு நிறையக் காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் விதையை எடுத்து அடுத்த பட்டத்தில் போட்டால் தாய்ச்செடியின் குணம் மாறிப் பலவிதமாக முளைக்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் நாட்டுத் தக்காளியில் விதை எடுப்பது தொடக்கக்காரருக்கும் எளிது. பழத்தை நன்கு பழுக்கவிட்டு, விதையைச் சதையோடு பிழிந்து இரண்டு நாள் புளிக்கவைத்தால் அந்த வழவழப்புக் கரைந்துவிடும், பிறகு அலசி நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வையுங்கள்.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை ஆகியவற்றை நேரடியாக ஊன்ற வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விட்டு நடவேண்டியவை. கத்தரியையும் தக்காளியையும் 25 முதல் 30 நாளில் பறித்து நடலாம், மிளகாய் நாற்றுக்கு 35 நாளாவது ஆகட்டும். இதனால்தான் ஆடிப் பட்டத்துக்கு ஆனியிலேயே நாற்றங்கால் போடுவது வழக்கம். தக்காளியைச் சித்திரை, வைகாசிக்குக் குறிவைக்காதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ பிஞ்சாகாமல் உதிரும், எந்த உரம் போட்டும் நிற்காது. சேலத்துக்குப் புரட்டாசி, ஐப்பசியில்தான் நல்ல மழை. அதில் செடி வளர்ந்து கார்த்திகை, மார்கழியில் காய்க்கும்படி பார்த்துக்கொண்டால் பழம் நன்றாகப் பிடிக்கும்.

அம்மாபேட்டை மாடித்தோட்டம்:

நாட்டு விதையை நானும் விரும்புகிறேன் அண்ணா. ஆனால் முதல் முறை போடுகிறவருக்கு இரண்டு செடியாவது நிச்சயமாகக் காய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஊக்கம் போய்விடும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தாக்கினால் நாட்டு ரகம் முழுதும் போய்விடுகிறது. நோய் தாங்கும் ரகமாக ஒரு பொட்டலம் வாங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து. அந்த நோய் வெள்ளை ஈயால் பரவுவது. இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோல ஆன செடியைத் தயங்காமல் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

தாரமங்கலம் மரவள்ளி:

வெண்டைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன் அம்மா. கத்தரிக்கும் கீரைக்கும் அவரைக்கும் நாட்டு விதைதான்.

மாமாங்கம் புதுமனை:

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கார அமில நிலை 8.4, உப்பின் அளவு இயல்பு, கரிமச் சத்து குறைவு, இரும்பு குறைவு என்று அட்டையில் இருக்கிறது. ஐயா சொன்னது சரியாகவே இருக்கிறது. மெக்னீசியம் எவ்வளவு என்று அதில் இல்லை. ஆழ்துளை நீரின் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,100 மில்லிகிராம் என்று காட்டுகிறது. வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரைச் செடிக்கு விடலாமா என்று கணவர் கேட்கிறார், வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம் அவருக்கு. இனி தரையில் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்:

வழக்கமான அட்டையில் மெக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் வராது, தனியே கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பழமரங்கள் வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் தண்ணீர். பாசன நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை, 2,000க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது, இடைப்பட்டதைக் கவனத்தோடு பயன்படுத்தலாம். உங்களுடையது இடைப்பட்டது. சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்; அதைப் பைச்செடிக்கு ஊற்ற வேண்டாம், வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலுக்கு மாநகராட்சிக் குடிநீர் அல்லது மழைநீர் மட்டும் விடுங்கள். வளர்ந்த செடிக்கு ஆழ்துளை நீர் விடலாம், ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, பையின் அடித்துளை வழியே சிறிது வடியும் வரை விட்டுப் பிறகு மேல்மண் காய்ந்ததும் மறுமுறை விடுவது நல்லது. அவ்வாறு வடிந்தால்தான் உப்பு சேர்ந்து கெட்டிப்படாது. நல்ல மழை பெய்யும் நாள்களில் பைகளை மூடி வைக்காதீர்கள், அந்த மழையே உப்பைக் கழுவிவிடும்.

தரையைக் கைவிட வேண்டியதில்லை. 8.4 என்பது மோசமான அளவு அன்று. வெள்ளைக் கற்களைப் பொறுக்கிவிட்டு, இப்போதுள்ள மண்ணின் மேலேயே மக்கிய தொழுவுரத்தையும் சருகு மக்கையும் கலந்து முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமையுங்கள். ஆண்டுதோறும் மக்கு சேர்த்து வந்தால் காரமும் தணியும், கெட்டிப்படுவதும் குறையும். வேளாண் ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் இருப்பதால் மெக்னீசியம் மிகுந்த மண்ணுக்கு உதவும். அளவை உங்கள் முடிவைக் காட்டிச் சந்தியூரில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் பாத்தியில் போடாதீர்கள், இரண்டும் காரத்தைக் கூட்டும்.

செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மறுபடி தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். ஏற்கெனவே வெளிறிய இலை முழுதும் தேறாது, அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள், இலை கருகிவிடும். அன்னபேதி தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, அதையும் நினைவில் வையுங்கள். ஓரத்தில் முருங்கை ஒன்று வையுங்கள், 1989இல் பெரியகுளத்திலிருந்து வெளிவந்த பிகேஎம் 1 ரக விதையே போதும். இந்த மண்ணை அது பொறுத்துக்கொள்ளும். பெருநெல்லியும் அப்படியே. பாலக்கீரையும் கொத்தவரையும் உங்கள் மேட்டுப்பாத்தியில் நன்றாக வரும்.

மாமாங்கம் புதுமனை:

மிக்க நன்றி ஐயா. செம்பருத்தித் தண்டில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. கடையில் கேட்டால் ஏதோ மருந்தைத் தருகிறார்கள். அடிக்கலாமா?

தாரமங்கலம் மரவள்ளி:

அது மாவுப்பூச்சி. கடை மருந்து வேண்டாம் தங்கச்சி. மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து எங்கள் மாவட்டமே அவதிப்பட்டபோது, கண்ட மருந்தை அடித்தவர்களுக்குச் செலவுதான் மிஞ்சியது. 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பூச்சிக்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் மிகச் சிறிய குளவி அது. உங்கள் செம்பருத்தியில் இருப்பது வேறு வகையாக இருக்கலாம், ஆனால் எல்லா வகைக்கும் பொறிவண்டு, குளவி என்று இயற்கை எதிரிகள் உண்டு, கடும் மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும்.

மிகவும் அடர்ந்த நுனியைக் கிள்ளிச் சோப்பு நீரில் போடுங்கள். மீதியைக் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரையும் அளவுக்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். எறும்பைத் தடுப்பது முக்கியம், ஏனென்றால் பூச்சி கசியவிடும் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காத்து, எதிரிகளை விரட்டுகிறது. செடி சுவரைத் தொடாதபடி கிளையை வெட்டிவிட்டால் எறும்பு ஏறும் வழி பாதி அடைபடும்.

மாமாங்கம் புதுமனை:

ஆடிப்பெருக்கன்று விதை ஊன்றிய பீர்க்கன் பந்தலேறிப் பூத்திருக்கிறது. கொத்துக் கொத்தாகப் பூத்து எல்லாம் உதிர்கின்றன, ஒரு பிஞ்சும் இல்லை. கீரையும் கொத்தவரையும் நன்றாக இருக்கின்றன, கறிவேப்பிலையில் பச்சைக் கொழுந்து வந்துவிட்டது. பீர்க்கனுக்கு மட்டும் என்ன குறை?

அம்மாபேட்டை மாடித்தோட்டம்:

ஒரு குறையும் இல்லை சகோதரி. பீர்க்கன் குடும்பத்தில் ஆண் பூதான் முதலில் வரும். காம்பில் கொத்தாக வருபவை எல்லாம் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பெண் பூ பெரும்பாலும் தனியாக வரும். பூவுக்குக் கீழே விரல்நுனி அளவில் வரிவரியான குட்டிப் பீர்க்கங்காய் மொட்டிலேயே தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் தென்படும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மாடியில் தேனீ வரவில்லை என்று பொருள், அப்போது நாமே மகரந்தத்தைச் சேர்க்கலாம். நேரம்தான் முக்கியம். பாகலும் பூசணியும் காலையில் விரிபவை, பீர்க்கன் மாலை ஐந்து மணியளவில் விரியும். ஆகவே காலையில் போய்த் தேடாதீர்கள். மாலையில் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவிலுள்ள மஞ்சள் பொடி பெண் பூவின் நடுவே ஒட்டும்படி மெதுவாகத் தொட்டு எடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். மூன்றாம் நாள் பிஞ்சு பச்சையாகவே நீளத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பந்தலுக்கு அருகில் ஒரு தொட்டியில் துளசி வைத்துவிடுங்கள், அடுத்த பட்டத்துக்குள் தேனீ தானாக வரும்.